தமயந்தி திரும்பப் பெற்ற கையெழுத்து

வார்டு அலுவலகத்தார் மாதந்தோறும் வெளியிடும் செய்தித்தாள், வைகாசி மாதத்து இரண்டாவது வியாழக்கிழமையன்று தெருக் கிளப்பின் சுவரில் ஒட்டப்பெற்றது. எத்தனை தெருவிளக்குகள் மாற்றப்பட்டன, கொசுமருந்து எந்தெந்தச் சந்துகளில் தெளிக்கப்பட்டது, பிறப்புச் சான்றிதழுக்கு எந்தக் கிழமையில் வரவேண்டும் என்பன போன்ற விவரங்கள் அதில் வங்காள எழுத்தில் அச்சாகியிருக்கும். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறம் உள்ள ஆம்லகி லேனில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தார் அதனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அன்று மட்டும் மாவுக்கடை மாரியப்பன் பார்த்துவிட்டான். பார்த்தவன் படிக்கவில்லை, பக்கத்தில் நின்று படித்தவர்கள் சொல்லக் கேட்டான். கேட்டவுடன் கையில் ஒட்டியிருந்த மாவு காய்வதற்குள் நாலாம் எண் வீட்டு வாசலுக்கு ஓடிவந்துவிட்டான்.

"மாமி! மாமி! நம்ம சந்துல கால்வாய் வேல முழுசா முடிஞ்சிட்டுன்னு ஒட்டிருக்கான், மாமி!"

தமயந்தி அப்பொழுதுதான் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்திருந்தாள்.

"என்னப்பா உளர்றே? பாதியிலே விட்டுட்டுப் போனது இந்த ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியலியே! போன மழைக்கு மூணு நாள் இடுப்பளவு தண்ணி. ரெண்டு கிரைண்டர் மோட்டார் புகைஞ்சுது. இந்த மழைக்கும் அப்படின்னா நான் கடையக் கட்டிக்கிட்டு தூத்துக்குடிக்கே போயிருவேன், மாமி. சத்தியமாச் சொல்லுதேன்."

அவன் வாய்ப்பேச்சுக்காகச் சொல்லவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஆம்லகி லேன், பெரிய சாலையிலிருந்து உள்ளே செல்லச் செல்லத் தாழ்ந்துகொண்டே போகும் முட்டுச்சந்து. அதன் கடைக்கோடியிலே இருபத்திரண்டாம் எண் வீட்டின் கீழ்த்தளத்தில்தான் மாரியப்பனின் கடை இருந்தது. சந்து முழுவதற்கும் புதிய கழிவுநீர்க் குழாய் பதிப்பதாக மாநகராட்சி ஒப்புக்கொண்டு, கார்த்திகையில் வேலையையும் தொடங்கிற்று. பாதிச் சந்துவரை வந்த ஒப்பந்தக்காரர், மீதியைத் தோண்டாமலே மேலே புதுத் தாரைப் பூசிவிட்டுப் போனார். மேலிருந்து பார்ப்பவர்க்குச் சந்து பளபளவென்று இருக்கும்.

மாரியப்பனைத் தொடர்ந்து ஷபானா வந்து சேர்ந்தாள். அவளுடைய தந்தை இராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறியவர். அவளோ ஜாதவ்பூரில் ஒரு வங்காளப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பதினெட்டாம் எண் வீட்டுக்காரி. கைபேசியில் அந்தத் தாளைப் படம் பிடித்து வந்திருந்தாள்.

"மாமி, நீங்களே பாருங்க" என்று நீட்டினாள்.

"கண்ணாடி உள்ளே இருக்கு. நீயே படி."

கண்ணாடி தமயந்தியின் மூக்கின்மேலேயே இருந்தது. ஷபானா அதனைக் கண்டும் காணாதவள்போல் படித்துத் தமிழில் சொன்னாள்:

"பதினோராவது வேலை. ஆம்லகி லேன் கழிவுநீர்க் குழாய். முழுவதும் முடிந்தது. குடியிருப்போர் சான்று பெறப்பட்டது." சற்றுத் தயங்கினாள். "கையெழுத்திட்டவர், குடியிருப்போர் குழுச் செயலாளர், ஸ்ரீமதி தமயந்தி வீரராகவன்."

தமயந்தியின் கையிலிருந்த காப்பி ஆடை கட்டத் தொடங்கிற்று.

"இதுல ஆட்சேபம் உள்ளவங்க ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக் கூட்டத்துல நேர்ல சொல்லலாமாம். அதுக்கப்புறம் பட்டியல் முடிவாயிடுமாம், மாமி. சந்து மூலையில கிடக்கற மீதிக் குழாயெல்லாம் வேற சந்துக்குப் போயிடும்."

*

தமயந்தி கொல்கத்தாவிலேயே பிறந்தவள். அவளுடைய பாட்டனார் காலத்திலேயே குடும்பம் தஞ்சாவூரை விட்டு வந்துவிட்டது. அவளுடைய வங்காளப் பேச்சைக் கேட்டு அவளை வேற்றுமொழிக்காரி என்று கண்டுகொண்டவர் எவருமிலர். கரியாஹாட்டில் அவள் சேலைக்குப் பேரம் பேசினால், கடைக்காரர் "உங்களுக்கு நதியாவா, பர்தமானா?" என்று பூர்விகம் விசாரிப்பார். ரிக்‌ஷாக்காரர் முதல் கவுன்சிலர் வரை அவளோடு வாதாடி வென்றவர் அரியர். சந்திலுள்ள வங்காளிகளே தங்களுக்காகப் பேச அவளை முன்னே தள்ளிவிடுவது வழக்கம். குழுச் செயலாளர் பதவி அவளுக்கு வாய்த்ததும் இதனாலேயே.

ஆனால் அவளுக்கு வங்காள எழுத்துத் தெரியாது. தமிழர் நடத்திய பள்ளியிலே தமிழும் ஆங்கிலமும் படித்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தாறு ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே எழுதி ஓய்வு பெற்றாள். இளமையில் அவ்வெழுத்துக்குத் தேவை நேரவில்லை. தேவை நேர்ந்த வயதிலோ, இவ்வளவு அழகாகப் பேசுகிறவள் அரிச்சுவடி வாங்கப் போவதா என்று வெட்கம் வந்து குறுக்கே நின்றது. ஒவ்வோர் ஆண்டும் துர்கா பூஜையில், அஷ்டமி மாலையில், பந்தல் மேடையில் அவள் வங்காளக் கவிதை சொல்வாள். அக்கவிதையைத் தமிழ் எழுத்தில் எழுதி, நான்கு வகைக் ககரத்துக்கும் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிட்டு வைத்திருப்பாள் என்பது கணவர் வீரராகவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அந்த வெட்கந்தான் பங்குனி மாதத்து நண்பகல் ஒன்றில் அவளைக் காட்டிக்கொடாமல் காப்பாற்றி, ஆம்லகி லேனைக் காட்டிக்கொடுத்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் இரண்டு தாள்களை நீட்டி, "வேலை விஷயந்தான், தீதி. நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்" என்றான். சுற்றிலும் அண்டைவீட்டுப் பெண்கள் நால்வர் நின்றார்கள். தமயந்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, படிப்பவர்களின் கண் எந்த வேகத்தில் நகருமோ அந்த வேகத்தில் கண்ணை நகர்த்தினாள். உரிய நேரத்தில் பக்கத்தையும் புரட்டினாள். நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்து, "இது சரியாக இருக்கிறதல்லவா?" என்றுகூடக் கேட்டாள். அவன் "ஆமாம், தீதி" என்றான். மீதி வேலையைத் தொடங்குவதற்கான விண்ணப்பம் என்று தானாகவே நினைத்துக்கொண்டு கையெழுத்திட்டாள்.

இவை யாவற்றையும் அன்று மாலை ஷபானாவிடமும் மாரியப்பனிடமும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அவள் தலை நிமிரவில்லை.

"இவ்வளவுதானே?" என்றான் மாரியப்பன். "அது என் கையெழுத்தே இல்ல, கள்ளக் கையெழுத்துன்னு அடிச்சுச் சொல்லிருங்க, மாமி. யாரு கேக்கப் போறா?"

"நாலு பேர் பார்த்தாளேடா! அவாளும் பொய் சொல்லணுமா?"

ஊஞ்சற்பலகையில் அமர்ந்திருந்த வீரராகவன் வாய் திறந்தார். "ஏமாத்திட்டான்னு சொல்லேன். விண்ணப்பம்னு சொல்லி வாங்கிண்டான்னு சொல்லு. பாதி உண்மைதானே?"

"அதுவும் உண்மையில்லை. அவன் படிச்சுப் பாருங்கோன்னுதான் சொன்னான். நான்தான் படிச்ச மாதிரி நடிச்சேன். நன்னாவே நடிச்சேன்." தமயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கம்பெனியிலே எத்தனை பேர், படிக்காம போட்டுட்டேன்னு அழுதுண்டு வருவா! கையெழுத்துன்னா கையெழுத்துதான்னு திருப்பி அனுப்பினவளாச்சே நான்."

"அப்போ என்னதான் பண்ணப் போறே?"

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு அத்தனை பேர் முன்னாடியும் சொல்லப் போறேன்."

வீரராகவன் ஊஞ்சலை நிறுத்தினார். நாற்பது ஆண்டுகளாக அவளோடு வாழ்பவர். அச்சொற்களின் எடை அவருக்குத் தெரியும்.

"அஷ்டமிக் கவிதை?" என்றார் மெதுவாக.

"அது போனா போறது. மாரியப்பன் போகக் கூடாது."

*

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்பின் கூடத்தில் எண்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். கவுன்சிலர் சுதேஷ்ணா குண்டு நடுநாயகமாக அமர்ந்திருந்தார். அருகே மாநகராட்சிப் பொறியாளர் நஸ்கர் கோப்புகளோடு இருந்தார். பட்டியல் வரிசையாகப் படிக்கப்பட்டது. பூங்காவுக்குப் புதுவேலி, கைதட்டல். முதியோர் மருத்துவ முகாம், கைதட்டல். மீன்கடை வரிசைக்குக் கூரை, பெருங்கைதட்டல். நஸ்கர் பதினோராவதைப் படித்து முடித்ததும் பழக்கத்தால் சிலர் கைதட்டினார்கள். அந்த ஓசை அடங்குமுன் தமயந்தி எழுந்தாள்.

"எனக்கு ஆட்சேபம் உண்டு" என்றாள் வங்காளத்தில். "இந்த வேலை முடியவில்லை."

நஸ்கர் புன்முறுவல் பூத்தார். கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி உயர்த்திக் காட்டினார். "தீதி, நீங்களேதான் முடிந்தது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இது உங்கள் கையெழுத்து இல்லையா?"

கூடம் சிரித்தது. மற்றவர்களை வாதத்தில் மடக்குகிற தமயந்தி மடங்கி நிற்பதைக் காண்பது அரிதல்லவா?

"என்னுடையதுதான். ஆனால் நான் அதைப் படிக்கவில்லை. எனக்கு வங்காளம் படிக்கத் தெரியாது."

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அவள் வேடிக்கை பேசுகிறாள் என்று எண்ணிவிட்டார்கள். கிளப்பின் கலைவிழாப் பொறுப்பாளர், எழுபது வயதுப் பெரியவர், எழுந்து கைகளை விரித்தார். "என்ன தீதி இது! போன அஷ்டமியன்று நீங்கள் சொன்ன கவிதையைக் கேட்டு நான் கண்ணீர் விட்டேனே!"

"தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு சொன்னேன், தாதா. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். உங்கள் கண்ணீர் ஒன்றும் வீணாகவில்லை. அர்த்தம் எனக்குத் தெரியும்."

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. தமயந்தி எதிரிலிருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பற்றிக்கொண்டாள். பின்வரிசையில் ஒரு பெண் "ஐயோ பாவம்" என்றது காதில் விழுந்தபோது, அவளுக்கு உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றிற்று. உட்காரவில்லை.

"வருந்துகிறேன்" என்றார் நஸ்கர், குரலைத் தணித்துக்கொண்டு. "ஆனால் கையெழுத்து என்றால் கையெழுத்துதானே, தீதி?"

"முப்பத்தாறு வருஷம் நானும் அதைத்தான் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். ஆகையால் கையெழுத்தைப் பற்றி நான் வழக்காடவில்லை. அந்தத் தாளில் இருப்பதை இப்பொழுது உரக்கப் படியுங்கள். அது மெய்யானால் என் கையெழுத்து அப்படியே நிற்கட்டும். பொய்யானால் அதுவும் விழட்டும், உங்கள் பட்டியலும் விழட்டும்."

கவுன்சிலர் கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தையும் பார்த்தார். கூட்டம் இப்பொழுது தமயந்தியின் பக்கம் சாய்ந்திருந்தது. "படியுங்கள், நஸ்கர் பாபு" என்றார்.

நஸ்கர் படித்தார். பெரிய சாலை முதல் இருபத்திரண்டாம் எண் வீடு வரை நூற்று நாற்பது மீட்டர் குழாய். இரும்பு மூடியுடன் ஏழு மேன்ஹோல்கள். கடைசி மேன்ஹோல், மேற்படி வீட்டு வாசலில்.

"ஏழு!" என்று பின்னாலிருந்து மாரியப்பன் தன் அரைகுறை வங்காளத்தில் கத்தினான். "என் வாசலில் ஏழாவதா? நான் தினமும் அதைத் தாண்டித்தானே போகவேண்டும்? எனக்கே தெரியாமல் யார் வைத்தது?"

"சந்து இங்கிருந்து நூறு அடி தூரந்தான்" என்றாள் தமயந்தி. "ஏழு வரை எண்ண எல்லோருக்கும் தெரியும். வாருங்கள், எண்ணிவிட்டு வந்து பன்னிரண்டாவதைப் படிக்கலாம்."

"போகலாம், போகலாம்!" என்று கூடமே எழுந்துவிட்டது. கவுன்சிலரும் எழுந்தார். உட்கார்ந்திருக்க அவருக்கு வழியில்லை.

*

கூட்டம் சந்துக்குள் நுழைந்தபொழுது ஊர்வலமாகவே ஆகிவிட்டது. மாடிகளில் எட்டிப்பார்த்தவர்களும் இறங்கி வந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து உரக்க எண்ணினார்கள். ஏக், துய், தீன், சார். ஒன்பதாம் எண் வீட்டு வாசலில் நாலாவது மூடி. அதன்பிறகு கடைக்கோடி வரை புதுத் தார்தான் மின்னிற்று.

"மூடிகள் தாருக்கு அடியில் மறைந்திருக்கும்" என்றார் நஸ்கர். அவர் குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. "அப்படி நடப்பதுண்டு. குழாய் நிச்சயம் கீழே இருக்கும்."

"இருக்குதான்னு கேட்டுப் பாத்துருவோமே" என்று தமிழில் முணுமுணுத்த மாரியப்பன் கடைக்குள் ஓடினான். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்காக அரிசியும் உளுந்தும் களைந்த நீர், பால்போல் வெளுத்து, மூன்று பெரிய டிரம்களில் நின்றிருந்தது. ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து தன் வாசலில் இருந்த பழைய சாக்கடையின் கம்பி மூடியருகே நிறுத்தினான். பிறகு தமயந்தியைப் பார்த்தான். அவளுக்கு உடனே விளங்கிற்று.

"நஸ்கர் பாபு, குழாய் இருந்தால் இங்கே ஊற்றுகிற வெள்ளைத் தண்ணீர் அங்கே நாலாவது மேன்ஹோலில் வரவேண்டுமல்லவா?"

"வரவேண்டும்."

"அந்த மூடியைத் திறந்து நீங்களே பாருங்கள். நாங்கள் ஊற்றுகிறோம்."

இருவர் கடப்பாரையால் மூடியை நெம்பித் தூக்கினார்கள். நஸ்கர் குனிந்து விளக்கடித்துப் பார்த்தார். மாரியப்பன் டிரம்மைக் கவிழ்த்தான். பிறகு இரண்டாவது டிரம்.

"வருகிறதா?" என்றாள் தமயந்தி.

"இல்லை."

"இப்பொழுது?"

"இல்லை... காய்ந்து கிடக்கிறது."

மூன்றாவது டிரம்மும் கவிழ்ந்தது. பழைய கம்பி மூடியின் அடியில் ஏதோ ஏப்பமிடுவது போன்ற ஓசை எழுந்தது. போன நீர் முழுவதும் பொங்கித் திரும்பி வந்தது. வெண்ணிறமாகப் பரவி, நன்றாகப் பார்க்கலாம் என்று முன்னே வந்து நின்ற கவுன்சிலரின் புதுச்செருப்புகளை நனைத்து, கணுக்கால் வரை ஏறி, கூட்டத்தைக் குதித்தோடச் செய்தது.

கவுன்சிலர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "நஸ்கர் பாபு!" என்றார். "நீங்கள் இங்கே வந்து பார்த்தீர்களா, இல்லையா?"

நஸ்கர் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி எழுந்து வந்தார். பொய் சொல்ல அவருக்குச் சில கணங்கள் கிடைத்தன, சொல்லவில்லை. "சந்து முனையில் நின்று பார்த்தேன். தார் முழுவதும் போட்டிருந்தது. உள்ளே வரவில்லை." பிறகு தமயந்தியை நோக்கினார். "தீதி, நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். நான் நடக்காமல் போட்டேன். உங்களுக்குக் கூட்டத்தில் அதைச் சொல்லத் துணிவு இருந்தது."

அவ்விடத்திலேயே, தமயந்தியின் கண்முன்னாலேயே, சான்றின்மேல் குறுக்கே கோடிட்டு ரத்து என்று எழுதினார். பட்டியலிலும் பதினோராவதை அடித்தார். மீதி வேலை தொடங்கும்வரை ஒரு குழாய்கூட மூலையை விட்டு நகரக்கூடாது என்று கவுன்சிலர் உத்தரவிட்டார். ஆட்சேப மனுவை ஷபானா எழுதினாள். தமயந்தி பேனாவை வாங்கிக்கொண்டு, "முதலில் படி. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படி" என்றாள். ஷபானா தெருநடுவில் நின்று வகுப்பில் படிப்பதுபோல் படித்தாள். அதன்பிறகே கையெழுத்து விழுந்தது.

அப்பொழுது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வங்காளக் கிழவி வந்தாள். பதினாறாம் எண் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். முந்தானை முடிச்சிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, "எனக்கும் எழுத்துத் தெரியாது, மா. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லேன்" என்றாள். அவளுக்குப் பின்னே பழக்கடைப் பீகாரி ஒருவர் ஒரு ரசீதோடு நின்றார். அவருக்கும் பின்னே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேட்டி கட்டிய வங்காளக் கனவான் ஒருவரே நின்றார். அவருக்கு எழுத்துத் தெரியும், அரசாங்கத்தின் வங்காளந்தான் புரியவில்லையாம். தமயந்தி கவுன்சிலரை நோக்கித் திரும்பினாள்.

"பார்த்தீர்களா? நான் ஒருத்தி மட்டுமில்லை. இனி இந்த வார்டில் யாரிடம் கையெழுத்து வாங்கினாலும், முதலில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வாங்கவேண்டும். இதையும் உங்கள் தாளில் அச்சிடுங்கள்."

"அச்சிடுகிறேன்" என்றார் கவுன்சிலர். சேலையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே, "அடுத்த மாதமே" என்றும் சேர்த்தார்.

வீரராகவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். மனைவி அருகில் வந்ததும், "ஏண்டி, நாற்காலியை அப்படிப் பிடிச்சுண்டு நின்னியே, இப்போ எப்படி?" என்றார்.

"இன்னும் பிடி வேண்டியிருக்கு. சத்தே கையைக் கொடுங்கோ."

*

புதன்கிழமையன்று பழையபடி கடப்பாரைச் சத்தம் கேட்டது. புதுத் தாரைப் பெயர்த்து, ஆழத் தோண்டி, மீதி எழுபது மீட்டரும் பதித்து முடிக்க இருபத்தாறு நாட்கள் ஆயின. நஸ்கர் ஒருநாள்விட்டு ஒருநாள் வந்து கடைக்கோடி வரை நடந்தார்.

ஆடி பிறந்த நாலாம் நாள் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. கொல்கத்தாவுக்கே உரிய, நகரத்தின்மேல் ஏரியைக் கவிழ்த்தாற்போன்ற மழை. எட்டு மணிக்கு நகரத்தின் பல தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதாகக் கைபேசியில் செய்தி வந்தது. பக்கத்துச் சந்தில் ஸ்கூட்டர்கள் மிதந்தன. தமயந்தி குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் எவரேனும் ஒருவர் அவளோடு சேர்ந்துகொண்டார்.

சந்தின் தாழ்ந்த பகுதியில் தண்ணீர் ஓடிற்று, நிற்கவில்லை. ஏழாவது மூடியின் கீழே அது விழுந்து பாய்கின்ற ஓசை மழையின் ஓசைக்கும் மேலே கேட்டது. மாரியப்பனின் கடையில் விளக்கு எரிந்தது. இரண்டு கிரைண்டர்களும் உறுமிக்கொண்டிருந்தன. தரை காய்ந்திருந்தது. அவன் கடைவாசலில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுத் தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான்.

"மாமி, தொட்டுப் பாருங்க! ஒரு சொட்டு? ஒரே ஒரு சொட்டு உண்டுமா?"

தமயந்தி குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே சிறிது நேரம் இருந்தாள். பதினெட்டாம் எண் மாடியிலிருந்து ஷபானா கைவீசிக் கத்தியது மழையில் விளங்கவில்லை. எதிர்வீட்டு வங்காள அம்மாள் உள்ளே போய்ச் சங்கை எடுத்து வந்து, பூஜைக்கு ஊதுவதுபோல் நீள ஊதினாள். அடுத்த மாடியில் இன்னொரு சங்கு எழுந்தது. பிறகு சந்து முழுவதும் பெண்களின் குலவையொலி பரவிற்று.

நாலாம் எண் வாசலில் வீரராகவன் மழைக்கு அஞ்சிக் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். தமயந்தி நிமிர்ந்து, குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி கூவினாள்:

"அங்கேயே ஏன் நிக்கறேள்? வேஷ்டியை மடிச்சுக் கட்டிண்டு வாங்கோ! ஆம்லகி லேன்ல கால் நனையாது!"